தன் பழைய சொற்களைக் கேட்டு எழுதியவர்

அன்று காலையில் கைத்தொலைபேசிக்கு வந்த மரண அறிவித்தலில் 'ரஹீமா' என்று இருந்தது. இடையின ரகரம். அதனால் அது வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன். கிண்ணியாவில் அந்தப் பெயரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எங்கள் றஹீமா தன் பெயரை வல்லின றகரம் போட்டுத்தான் எழுதுவார். யாராவது மாற்றி எழுதினால் பேனையை வாங்கித் திருத்திவிட்டுத்தான் மறுகதை. தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேங்காய் துருவப் போனேன்.

பிறகு அவருடைய கணவர் நஸார் நானாவின் அழைப்பு வந்தது.

"தங்கச்சி, றஹீமா மௌத்தாயிட்டா," என்றார். "சுபஹுத் தொழுகைக்கு எழும்பினவ. தண்ணி கேட்டா. நான் குசினிக்குப் போய்க் கொண்டு வாறதுக்குள்ள…"

பாதித் தேங்காயைத் துருவி முடிக்கும்வரை ஓர் எழுத்துப்பிழை எனக்கு நிம்மதி தந்திருந்தது. அவ்வளவுதான்.

பாலையூற்றிலிருந்து பஸ் பிடித்து, பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். வீட்டின் உள்ளறையில் பெண்களோடு இருந்தேன். வெள்ளைத் துணிக்குள் முகம் மட்டும் தெரிந்தது. நோய் வந்த பிறகு இடப்பக்கம் இலேசாக இழுத்திருந்த வாய் இப்போது நேராக இருந்தது. ஜனாஸாவை எடுத்துக்கொண்டு ஆண்கள் புறப்பட்டபோது நஸார் நானா என்னிடம் வந்து மெல்லிய குரலில் சொன்னார்: "அறிவித்தல்ல பேரைப் பிழையா எழுதிட்டாங்க. நான் சொல்லித்தான் குடுத்தன். அவ இருந்தா என்னை ஏசியிருப்பா."

அதைக் கேட்டுத்தான் நான் முதன்முதலாக அழுதேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் றஹீமாவை அறிந்தவர்கள். ஓர்ஸ் ஹில்லில் உள்ள எங்கள் மொழிபெயர்ப்பு நிலையத்தில் அவரைக் கண்டிருப்பீர்கள். உங்கள் காணி உறுதியையோ, பிறப்பு அத்தாட்சியையோ, சத்தியக்கடதாசியையோ சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழாக்கி, கீழே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று கையொப்பமிட்டவர் அவர்தான். ஆனால் நோயிலிருந்து மீண்டு வந்த பிறகு அந்தக் கையொப்பத்துக்காக அவர் பட்ட பாடு உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

றஹீமா என் சிநேகிதி. நானும் அவரும் ஒரே வயது. ஒரே வருடத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்தோம். பக்கத்துப் பக்கத்து மேசை. அவர் என்னை வசந்தி என்பார், நான் அவரை றஹீமா என்பேன். இருவரும் 'நீங்க' போட்டுத்தான் கதைப்போம். கோபம் வந்தாலும் அந்த 'நீங்க' மாறாது. அது இன்னும் கூர்மையாகக் கேட்கும், அவ்வளவுதான்.

எழுத்துப்பிழை என்றால் அவருக்குச் சிரிப்பு வரும். மற்றவர்களைப்போல முகம் சுளிப்பதில்லை. ஒருமுறை படகுக்காரர்களுக்கான அறிவித்தல் ஒன்றைத் தட்டச்சு செய்து தரும்படி எங்களிடம் கொடுத்திருந்தார்கள். யாரோ கையால் எழுதிய வரைவு. 'இறங்குதுறையில் வள்ளம் கட்டக்கூடாது' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'இரங்குதுரையில் வள்ளம் கட்டக்கூடாது' என்று இருந்தது. றஹீமா அதைப் பார்த்துவிட்டுக் கதிரையில் சாய்ந்து சிரித்தார்.

"இரங்குற துரை ஒருவர் இரிக்காராம் வசந்தி! எங்க இரிக்கார் எண்டு கேளுங்க. நானும் போய் ஒரு மனுக் குடுக்கணும்."

அன்று முழுவதும் நிலையத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார். நிலையத்தை நடத்திய அந்தோனிப்பிள்ளை ஐயா எதற்காவது இல்லை என்று தலையாட்டினால், "ஐயா இரங்கமாட்டார். இவர் வேற துரை," என்பார்.

பாரிசவாதம் அவரைத் தாக்கியது ஒரு சாதாரண நாளில், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பு. விசைப்பலகையில் ஒரே விசை விடாமல் அழுத்தப்படும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவருடைய திரையில் ஒரே எழுத்து வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுக்கவில்லை. "றஹீமா" என்று கூப்பிட்டேன். திரும்பிய முகத்தில் பாதி மட்டும்தான் திரும்பியிருந்தது. ஐயாவின் காரில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். வழி நெடுக என் கையை அவர் பிடித்திருந்த பிடி இன்னும் நினைவில் இருக்கிறது.

உயிர் தப்பினார். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து நடை வந்தது, கை வந்தது, பேச்சும் கொஞ்சம் மெதுவாக, ஆனால் முழுதாகத் திரும்பி வந்தது. நஸார் நானாவின் மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்து அவர் மறுபடி வேலைக்கு வந்த காலையில் நாங்கள் வாசலுக்கே போய்க் கூட்டிவந்தோம். அவருடைய மேசையை நான் துடைத்து வைத்திருந்தேன். உட்கார்ந்ததும் ஒரு காணி உறுதியை எடுத்து மொழிபெயர்க்கத் தொடங்கினார். ஒரு பக்கம் முடித்து, "பாருங்க, எப்பிடி இரிக்கு?" என்று அச்செடுத்து நீட்டினார்.

வாக்கியங்கள் அத்தனையும் அவருடையவை. நேராக, சுருக்கமாக, சட்டத்துக்கு வேண்டிய ஒழுங்கோடு இருந்தன. ஆனால் காணி 'கானி' ஆகியிருந்தது. கிணறு 'கினரு' ஆகியிருந்தது. வழக்கு 'வளக்கு' ஆகியிருந்தது. விற்பனையாளர் 'விர்பனையாலர்' ஆகி நின்றார். நான் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர் என் முகத்தை வாசித்துவிட்டார்.

"நிறையவா?"

"ஓம், றஹீமா."

தாளை என் கையிலிருந்து வாங்கி உற்றுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்கு ஒண்டும் பிழையாத் தெரியல்ல," என்றார்.

பிறகு வைத்தியர் விளங்கப்படுத்தினாராம். சொல்லின் ஓசை அவருக்குள் அப்படியே இருக்கிறது, அதன் எழுத்துருவம் மட்டும் அழிந்துவிட்டது என்று. காதால் கேட்பதைக் கையால் எழுதுகிறார். ரகரமும் றகரமும், மூன்று லகரங்களும், மூன்று நகரங்களும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது என்று சொல்லியிருக்கிறார்.

இன்னொரு மனிதருக்கு இது பெரிய இழப்பாகத் தெரியாமல் போகலாம். எங்கள் தொழிலில் ஓர் எழுத்து மாறினால் ஒருவருடைய பிறப்பு அத்தாட்சியில் இருப்பவரும் அடையாள அட்டையில் இருப்பவரும் வேறு வேறு ஆட்களாகிவிடுவார்கள். அந்தோனிப்பிள்ளை ஐயா நல்ல மனிதர். றஹீமாவைக் கூப்பிட்டு, முன்மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களோடு கதைக்கிற வேலையைப் பார்க்கும்படியும், சம்பளம் குறையாது என்றும் சொன்னார். றஹீமா தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

நான் சொன்னேன்: "நீங்க வழமைபோல எழுதுங்கோ. நான் வாசிச்சுத் திருத்தித் தாறன். ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

"அப்பிடியெண்டா அது உங்கட எழுத்து வசந்தி. அதுக்குக் கீழ நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிற? நான் சத்தியம் பண்ணி வைக்கிற கையெழுத்து அது."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"தெரியா. யோசிக்கணும்."

அவர் யோசித்தது இப்படி. நாங்கள் மொழிபெயர்ப்பைத் தட்டச்சு செய்வது அலங்காரம் எதுவுமில்லாத ஓர் எளிய எடிட்டரில். வெறும் எழுத்து மட்டும்தான் அதில் வரும். சொற்பிழை பார்க்கும் வசதி அதில் கிடையாது. பெரிய மென்பொருள்களில் உண்டு என்று ஒன்றிரண்டைப் பார்த்தோம். அவை தமிழைக் கண்டால் மிரண்டன. 'படகு' தெரியும், 'படகுகளுக்கிடையே' தெரியாது. பக்கம் முழுவதும் சிவப்புக் கோடு போட்டன. எல்லாமே பிழை என்று சொல்கிறவர்களிடம் எது பிழை என்று கேட்க முடியாது.

ஆனால் றஹீமாவுக்கு ஸ்கிரிப்ட் எழுதத் தெரியும். ஸ்கிரிப்ட் என்றால் பெரிய வித்தை அல்ல. இதைச் செய், பிறகு அதைச் செய் என்று கணினிக்குச் சொல்லும் சில வரிகள். பழைய எழுத்துருவில் இருந்த எங்கள் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவதற்காக நோய்க்கு முன்பு அவரே சிலவற்றை எழுதியிருந்தார். இப்போது அவற்றைத் திறந்து பார்த்தார். ஆங்கிலச் சொற்களையும் எழுத்துக்கூட்டி எழுத முடியவில்லை. ஆகவே பழைய ஸ்கிரிப்டுகளிலிருந்து வேண்டிய துண்டுகளை அப்படியே வெட்டி எடுத்து ஒட்டினார். ஓர் எழுத்து மாறினாலும் அது ஓடாது, இந்த வரியில் பிழை என்று சொல்லி நின்றுவிடும். நான் பக்கத்திலிருந்து எரிச்சல்பட்டபோது அவர் சொன்னார்:

"இது நல்லம் வசந்தி. பிழையெண்டா பிழையெண்டு சொல்லிட்டு நிக்குது. மனிசரைப் போல முகத்தைப் பாத்துப் பரிதாபப்படல்ல."

ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது எளிய காரியம். அவர் எழுதிய பக்கத்தை எடுத்துச் சொல்சொல்லாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் சரியான சொற்களின் தொகுதியில் தேட வேண்டும். அங்கே இல்லாத சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போட வேண்டும். பிறகு ரகரத்தை றகரமாக, லகரத்தை ளகரமாக, ழகரமாக மாற்றி மாற்றிப் பார்த்து, அப்படி மாற்றினால் தொகுதியில் இருக்கும் சொல் கிடைத்தால் அதைப் பக்கத்தில் காட்ட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சரியான சொற்களுக்கு எங்கே போவது? அகராதியில் 'கிணறு' இருக்கும். 'கிணற்றடியிலிருந்து' இருக்காது.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"வருத்தம் வாறதுக்கு முந்தி நான் எழுதினதெல்லாம் இந்தக் கொம்பியூட்டர்லதானே இரிக்கு?"

"ஓம். எல்லாம் இருக்கு."

"அதுல பிழை இரிக்காதுதானே?"

"உங்கட எழுத்தில பிழை கண்டுபிடிச்ச ஆளை நான் காணேல்ல, றஹீமா."

"அப்ப அவட்டத்தான் கேக்கணும்," என்றார். "வருத்தத்துக்கு முந்தின றஹீமாட்ட. அவவுக்கு எல்லாம் தெரியும்."

அவர் முன்பு மொழிபெயர்த்த அத்தனை உறுதிகளும், கடதாசிகளும், அறிக்கைகளும் ஒன்றாகச் சேர்ந்தன. ஸ்கிரிப்ட் அவற்றைச் சொற்களாக உதிர்த்து, திரும்பத் திரும்ப வந்தவற்றை நீக்கி அடுக்கியது. கிணறு, கிணற்றை, கிணற்றில், கிணற்றடியிலிருந்து, எல்லாம் இருந்தன. இந்த நகரத்து மனிதர்களின் காணிகளையும் கலியாணங்களையும் சச்சரவுகளையும் சாவுகளையும் எழுதி எழுதி அவர் சேர்த்த சொற்கள்.

முதன்முதலாக அது ஓடிய நேரத்தில் நான் பக்கத்தில் இருந்தேன். சோதித்துப் பார்க்க ஏதாவது தட்டச்சு செய்ய வேண்டும். ஒன்றும் தோன்றாமல் தன் பெயரைத் தட்டினார். ஸ்கிரிப்டை ஓட்டும் விசையை அழுத்தினார். பெயருக்கு முன்னால் நட்சத்திரம் விழுந்தது. ரகரம் போட்டு எழுதியிருந்தார். பக்கத்தில் ஸ்கிரிப்ட் காட்டியது: 'றஹீமா'. அவர் முன்பு ஒவ்வொரு பத்திரத்தின் அடியிலும் எழுதிவைத்த பெயர்.

அது வேலை செய்துவிட்டது என்று நான் கைதட்டப் போனேன். அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். "என்ட பேரையே," என்றார். "என்ட பேரையே நான்…" முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துவிட்டு, நட்சத்திரத்தை அழித்து, ரகரத்தை அழித்து, திரையைப் பார்த்துப் பார்த்து றகரத்தைத் தேடிப் போட்டார். மறுபடி விசையை அழுத்தினார். நட்சத்திரம் வரவில்லை.

அதன் பிறகும் வேலை முடிந்துவிடவில்லை. 'கரை' என்றாலும் சொல், 'கறை' என்றாலும் சொல். 'ஆற்றின் கரை' என்பதை 'ஆற்றின் கறை' என்று எழுதினால், அதுவும் தொகுதியில் உள்ள சொல்தானே என்று ஸ்கிரிப்ட் பேசாமல் இருந்துவிடும். அப்படி ஒன்று தப்பி வந்து, ஐயாவின் கண்ணில் பட்டது. றஹீமா இரண்டு நாள் அந்தப் பக்கத்தோடேயே இருந்தார். பிறகு ஸ்கிரிப்டில் மேலும் சில வரிகள் சேர்த்தார். எழுத்து மாறினாலும் சொல்லாகவே இருக்கக்கூடியவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்விக்குறி போடச் சொன்னார். பக்கம் முழுவதும் கேள்விக்குறிகளாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் தடித்த அகராதியை எடுத்துப் பொருள் பார்த்து, நிச்சயமான பிறகே அழிப்பார். முன்பு ஒரு பொழுதில் முடித்த வேலைக்கு இப்போது பல நாள் ஆனது. ஐயா பொறுத்துக்கொண்டார். காத்திருக்க முடியாதவர்களை என்னிடம் அனுப்பினார். றஹீமாவிடமே வேண்டும் என்று காத்திருந்தவர்களும் இருந்தார்கள்.

தொகுதியில் புதிய சொல் எதையும் சேர்க்க அவர் விடவில்லை. "இது சரியான சொல்தானே, போட்டுவிடுங்கோ," என்று நான் சொன்னால் தலையை ஆட்டுவார். "வருத்தத்துக்குப் பிந்தின றஹீமாவுக்கு அதுல கை வைக்க ஏலா. அவ பிழை விடுறவ."

இறக்கக்கண்டியிலிருந்து ஒரு தாய் வந்த நாளைச் சொல்லாமல் விட முடியாது. கடலுக்குப் போன மகன், வள்ளம் கவிழ்ந்து இறந்துபோயிருந்தான். அவன் மரணம் பற்றிய விசாரணை அறிக்கை சிங்களத்தில் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தனக்குத் தமிழில் வேண்டும் என்றார் அந்த அம்மா. வேறு தேவை எதுவும் இல்லை. வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

றஹீமா மொழிபெயர்த்தார். சிங்களத்தில் ழகரம் கிடையாது. அந்த எழுத்துகளைப் பார்த்து ஓசைப்படி எழுதியபோது மகனின் பெயர் 'எலிலரசன்' என்று வந்திருந்தது. ஸ்கிரிப்ட் நட்சத்திரம் போட்டது. ஆனால் பக்கத்தில் எந்தச் சொல்லையும் காட்டவில்லை. முந்திய றஹீமா அந்தப் பெயரை ஒருபோதும் எழுதியதில்லை. நான் என் மேசையிலிருந்து எட்டிப் பார்த்து, சரியான எழுத்தைச் சொல்ல வாயெடுத்தேன். றஹீமா கையை உயர்த்தி என்னைத் தடுத்தார்.

"பேரை நாங்க தேடக்கூடா வசந்தி. ஆளிட்டக் கேக்கணும்."

எழுந்து, இன்னும் இலேசாக இழுத்து இழுத்து நடந்து, வாங்குப் பலகையில் அமர்ந்திருந்த அந்தத் தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அம்மா, மகன் தன்ட பேரை எப்பிடி எழுதுவார்?" என்று கேட்டார்.

அந்த அம்மா சொன்னார்: "அவன்ட கையெழுத்தைப் பாத்தா உங்களுக்குச் சிரிப்பு வரும், பிள்ளை. ழானாவுக்கு இவ்வளவு நீளத்துக்கு ஒரு வால் விடுவான். தகப்பன் ஏசுவார், இதென்ன தூண்டிலாடா எண்டு. அவன் கேக்கமாட்டான்." காற்றில் விரலால் அந்த ழகரத்தை எழுதிக் காட்டினார். வால் முழங்கைவரை வந்தது.

றஹீமா அவரைக் கூட்டிக்கொண்டு வந்து தன் கதிரையில் இருத்தினார். ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுத் தட்டினார். எழிலரசன். "இதானே?" என்றார்.

அந்த அம்மா திரையைத் தொட்டார். "ஓம். இதுதான் என்ட பிள்ளை," என்றார். "ஆரும் இதைக் கேக்கேல்ல. எப்பிடிச் செத்தவன், எங்க செத்தவன் எண்டு எல்லாரும் கேட்டாங்கள்."

அறிக்கையை றஹீமாவே அவருக்கு மெதுவாக வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்த பிறகும் அந்த அம்மா எழும்பவில்லை. றஹீமாவும் அவரை எழுப்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துப் பக்கம் கப்பலொன்றின் சங்கு கேட்டது. நான் தேநீர் போட்டுக் கொண்டுவந்தேன். மூவரும் குடித்தோம்.

போன பெருநாளுக்கு அவர் வீட்டிலிருந்து வந்த வட்டிலப்பம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. செய்முறையை எழுதித் தரச் சொன்னேன். மதியத்தில் உட்கார்ந்து எழுதினார். பழக்கத்தில் விசையை அழுத்தினார். பக்கம் முழுவதும் நட்சத்திரம். வட்டிலப்பம் இல்லை. கருப்பட்டி இல்லை. ஏலக்காய் இல்லை, தேங்காய்ப்பால் இல்லை, கஜு இல்லை. 'முட்டையை நன்றாக அடிக்கவும்' என்ற வரியில் 'அடிக்கவும்' என்ற சொல்லில் மட்டும் நட்சத்திரம் விழவில்லை. அது ஏதோ கட்டட வேலைப் பத்திரத்தில் ஆணி அடிப்பதற்கு வந்த சொல்லாக இருக்க வேண்டும்.

நாங்கள் இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"பாத்தீங்களா வசந்தி. எல்லாம் தெரிஞ்சவ எண்டு நினைச்சன். அவ ஊரார்ட வழக்கெல்லாம் எழுதினவ. தன்ட வீட்டுக் கதை ஒண்டும் எழுதல்ல."

பிறகு தொகுதியைத் திறந்தார். வட்டிலப்பத்தை எப்படி எழுதுவது என்பதில் ஊருக்கு ஊர் வழக்கு வேறு. அகராதியில் அது இல்லை. என்னைக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "எங்கட உம்மா சொல்லுற மாதிரிப் போடுறன்," என்று சொல்லித் தானே அந்தச் சொல்லைச் சேர்த்தார். நோய் வந்த பிறகு அவர் சேர்த்த முதற் சொல் அது.

அதன் பிறகு எழுத ஆரம்பித்தார். யாருக்காகவும் அல்ல, தனக்காக. வேலை முடிந்து நஸார் நானா வந்து ஹோர்ன் அடிக்கும்வரை உள்ள அந்தச் சிறிது நேரத்தில். கடைப் பெயர்ப்பலகைகளை வாசிக்க முடியாமல் பஸ்ஸில் போன நாட்களைப் பற்றி, பேச்சுப் பயிற்சியில் தன் மகளின் வயதுள்ள ஒரு பெண் 'அ' சொல்லித் தந்ததைப் பற்றி எழுதினார். சில பக்கங்களை எனக்கு வாசித்துக் காட்டினார். ஒரு வரி நினைவிருக்கிறது: 'எழுத்துகள் எல்லாம் என்னைத் தெரிந்த மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றன. எனக்குத்தான் அவற்றின் பெயர் வரவில்லை.' நட்சத்திரம் விழும் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, விசாரித்து, ஆற அமரச் சேர்த்தார். அந்த வேகத்தில் எழுதினால் எழுதி முடிக்க வயதாகிவிடும் என்று நான் பகிடி பண்ணினேன். "வயசு போகட்டும். நான் எங்க போறன்?" என்றார்.

பத்துப் பக்கம்கூட ஆகவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது வியாழக்கிழமை. கடல்நீரேரி என்பதைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்று கேட்டார். எனக்கும் நிச்சயமில்லை. "நாளைக்குப் பாப்பம்," என்றேன். ஹோர்ன் சத்தம் கேட்டது. பையை எடுத்துக்கொண்டு, "மறக்காம ஞாபகப்படுத்துங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வெள்ளிக்கிழமை காலையில்தான் அந்த அறிவித்தல் வந்தது.

அவர் கதிரையில் இப்போது யாரும் இல்லை. வருகிறவர்களிடம் ஐயாதான் விஷயத்தைச் சொல்கிறார். நேற்று முதியவர் ஒருவர் கேட்டுவிட்டு, தன் பத்திரத்தை மடித்து எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

றஹீமாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஸ்கிரிப்டையும் அந்தச் சொற்களையும்தான். நஸார் நானாவிடம் கேட்டுத்தான் என் கணினிக்கு மாற்றினேன். அந்தச் சில பக்கங்களும் அவரிடமும் மகளிடமும் இருக்கின்றன. அவை அவர்களுடையவை. வேறொன்றையும் வைத்திருக்கிறேன். ஆளைக் கேட்காமல் இப்போது நான் எவருடைய பெயரையும் எழுதுவதில்லை.

இந்த அஞ்சலியை அவர் பயன்படுத்திய அதே எடிட்டரில்தான் எழுதினேன். எழுதி முடித்து விசையை அழுத்தினேன். மரணம், இறந்து, விசாரணை போன்ற சொற்களெல்லாம் நட்சத்திரம் இல்லாமல் நின்றன. எத்தனை பேருடைய சாவுகளை அவர் எழுதியிருக்கிறார்! வேறு பல இடங்களில் நட்சத்திரம் விழுந்தது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒரு வாக்கியத்தில் விழுந்ததை எதிர்பார்க்கவில்லை. 'றஹீமா என் சிநேகிதி' என்று எழுதியிருந்தேன். காணி உறுதியிலும் சத்தியக்கடதாசியிலும் சிநேகிதிகளுக்கு இடமில்லை. அவர் எழுதிய பக்கங்களில் என்னைப் பெயர் சொல்லித்தான் எழுதியிருந்தார்.

அந்த வாக்கியத்தை வேறுவிதமாக மாற்றிவிடலாமா என்று சிறிது நேரம் யோசித்தேன். மாற்றவில்லை. அகராதியை எடுத்து, அவர் செய்வதைப்போலவே ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன். தந்நகரம். சரிதான். தொகுதியைத் திறந்து, 'சிநேகிதி' என்ற சொல்லை அதில் சேர்த்தேன்.